எங்க என்டியு: சேரப் போகிறவர்களுக்கும் முடித்து வந்தவர்களுக்கும்

ஜூலை மாதம் வந்தாலே சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வரத் தொடங்கிவிடும். "அக்கா, என்டியு கிடைச்சிருக்கு, எப்படி இருக்கும்?" என்று ஒரு வரி. என்டியு என்றால் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நான் படித்த இடம். சிலர் கூடவே உலகத் தரவரிசைப் பட்டியலையும் படம் பிடித்து அனுப்புவார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அவர்களுக்கும் நல்லது, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எனக்கு அந்த வளாகத்தின் மேல் நிறையவே பெருமை உண்டு. 2013-ல் சேர்ந்து 2017-ல் சிவில் என்ஜினியரிங் முடித்தேன். இன்றைக்கும் வேலை விஷயமாக பூன் லே பக்கம் போக நேர்ந்தால், முடிந்ததும் 179 பேருந்தில் ஏறி உள்ளே ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஆனால் இந்தப் பாசம் சேர்ந்த அன்றே வந்ததில்லை. எங்கள் வீடு ஹவ்காங்கில். வடகிழக்கு ரயில் பாதையில் அவுட்ரம் பார்க் வரை, அங்கே மாறி கிழக்கு மேற்குப் பாதையில் பூன் லே வரை, அப்புறம் பேருந்து. காலையில் கிளம்பினால் வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மாணவர்கள் அதை "புலாவ் என்டியு" என்று சொல்வது, தனித்தீவு மாதிரி தள்ளிக் கிடக்கிறது என்பதால்தான். முதல் சில வாரங்கள் எனக்கு அந்த இடம் போய்வரும் தூரமாக மட்டும்தான் தெரிந்தது.

தரவரிசை தருகிற பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை. அது உண்மையானதுதான். அம்மா அப்பாவுக்கு அது கோயிலில், கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள உதவும், சொல்லிக்கொள்ளட்டும், அவர்கள் பட்ட பாட்டுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி. ஆனால் வளாகத்துக்குள்ளே நுழைந்துவிட்டால் சுற்றி இருக்கிற எல்லாரும் அதே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், யாரிடம் போய்ச் சொல்வது? முதல் தவணைத் தேர்வு நெருங்கும்போது அந்தப் பட்டியல் யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. அப்போது உங்களைத் தாங்குவது வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். எனக்கு அது அந்த இடமும், அந்த இடத்தை உண்டாக்கியவர்கள் யார் என்று தெரிந்துகொண்டதும்தான்.

முதலில் நடங்கள். இதைத்தான் எல்லாப் பிள்ளைகளிடமும் முதலில் சொல்வேன். என்டியு வளாகம் சுமார் 200 ஹெக்டேர், மேடும் பள்ளமுமான நிலம். ஒரு பக்கம் தரைமட்டத்தில் நுழைந்த கட்டடத்தில், மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தால் நாலு மாடி உயரத்தில் நிற்போம். அறை எண்களை வைத்துக்கொண்டு தேடினால் புதியவர்களுக்குத் தலை சுற்றும். உள்வட்டப் பேருந்திலேயே போய்க்கொண்டிருந்தால் கடைசி வரை நிறுத்தங்களின் பெயர்தான் தெரியும், வளாகம் தெரியாது. நார்த் ஸ்பைன் கட்டடத் தொகுதியிலிருந்து சவுத் ஸ்பைன் தொகுதி வரை கூரை போட்ட நடைபாதையிலேயே நனையாமல் போய்விடலாம், அந்த வழியை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். வெயில் இறங்கியதும் ஐந்தரை மணிக்கு மேல் நடப்பது நல்லது. அப்போதுதான் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியின் புல்கூரை பச்சையாக மின்னும். தரையிலிருந்து எழும்பி வளைந்து போகிற அந்தக் கூரையின் மேல் உட்கார்ந்துதான் நாங்கள் பாதி கதை பேசியிருக்கிறோம். கட்டடம் படிக்கிற பெண்ணுக்கு அது சும்மா உட்காரும் இடம் இல்லை, கூரை மேல் மண்ணும் புல்லும் போட்டால் எவ்வளவு பாரம், மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று வகுப்பில் கேட்ட கேள்வி எல்லாம் அங்கே காலடியில் இருந்தது.

அடுத்தது, முடிந்தால் விடுதியில் தங்குங்கள். முதலாண்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் விடுதி நடவடிக்கைகளில் எவ்வளவு சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் பாட்டிக்கு இதில் சம்மதமே இல்லை. "பொண்ணு ராத்திரி வெளியில தங்குறதா, இந்தச் சின்ன ஊர்ல அதுக்கு என்ன அவசியம்?" என்று கேட்டார். அப்பாதான் ஒரு நாள் என்னோடு கூடவே வந்து போகிற தூரத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து பாட்டியிடம் பேசினார். விடுதி செலவு இடிக்கும் என்றால், அல்லது வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது இரவு பத்து மணி வரை வளாகத்தில் இருந்துவிட்டுப் போங்கள். பகலில் அந்த இடம் வகுப்புகளுக்குச் சொந்தம். இரவில்தான் மாணவர்களுக்குச் சொந்தமாகும். நடனம் பழகுகிறவர்கள், கண்ணாடிச் சுவரில் சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பவர்கள், ஒரே ஒரு தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசுகிறவர்கள், இவர்களை எல்லாம் பார்க்க வேண்டும்.

என் அறைத்தோழி மலேசியாக்காரி, பத்து பஹாட்டிலிருந்து வந்தவள், சீனப் பெண். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் யுன்னான் தோட்டத்தில் நாங்கள் ஓடப் போவோம். அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு நுழைவாயில் வளைவு, மேலே தள்ளி பழைய நிர்வாகக் கட்டடம், இப்போது சீன மரபுடைமை நிலையம். நான் அவற்றை அழகான பழைய சாமான்களாகப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். அவள்தான் ஒரு நாள் நின்று, அந்த நினைவுச்சின்னக் கல்லில் இருந்த சீன எழுத்துகளைப் படித்து, இதே இடத்தில் முன்பு இருந்த நன்யாங் பல்கலைக்கழகத்தைப் பற்றி எனக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நானே தேடிப் படித்தேன். 1953-ல் ரப்பர் வணிகர் டான் லார்க் சை, சீனமொழியில் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முன்வந்தார், தன் பங்காக 50 லட்சம் வெள்ளி (டாலர்) கொடுத்தார். ஹொக்கியன் சீனர்களின் ஹொக்கியன் ஹுவே குவான் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் கொடுத்தது. அது பணக்காரர்கள் சமாசாரம், சரி. ஆனால் மூன்று சக்கர வண்டி மிதித்தவர்கள் ஒரு நாள் வண்டி மிதித்துக் கிடைத்த காசை அப்படியே கொடுத்திருக்கிறார்கள். டாக்சி ஓட்டியவர்கள், அங்காடிக்காரர்கள், நடன விடுதிகளில் ஆடிய பெண்கள் எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள். மலாயா முழுவதிலுமிருந்து காசு வந்திருக்கிறது. 1958 மார்ச்சில் அதிகாரப்பூர்வமாகத் திறந்த அன்று, நகரத்திலிருந்து ஜூரோங் வரை வண்டிகள் நகர முடியாமல் நின்றன, அவ்வளவு கூட்டம். சீனாவுக்கு வெளியே சீனமொழியில் கற்பித்த முதல் பல்கலைக்கழகம் அதுதான், நன்யாங் பல்கலைக்கழகம். 1980-ல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்) உருவானது, அடுத்த வருடம் அதே நிலத்தில் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது, 1991-ல் அது என்டியு ஆனது. பழைய நன்யாங் மாணவர்களின் பட்டியல் 1996-ல் என்டியுவிடம் வந்து சேர்ந்தது. வயதானவர்கள் சிலர் குடும்பத்தோடு அந்தத் தோட்டத்துக்கு வந்து கல்லுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் போய்விட்டது, இடம் மட்டும் இருக்கிறது. அவர்கள் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும், ஒரு இடத்தின் மேல் மனிதருக்கு எவ்வளவு பாசம் இருக்க முடியும் என்று தெரியும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இது அவர்கள் கதை, தமிழ்ப் பெண்ணான எனக்கு இதில் என்ன பங்கு என்று. அதற்குப் பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தேசியக் கல்விக் கழகமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, தமிழாசிரியர்கள் பயிற்சி பெறுகிற இடம். அங்கே கேன்டீனில் ஒரு மத்தியானம், உயர்நிலைப் பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த டீச்சரைப் பார்த்தேன். ஏதோ மேற்படிப்புக்கு வந்திருந்தார். "என்னம்மா, நீ இங்கேயா?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். பேச்சோடு பேச்சாக, "நாங்க பயிற்சி எடுத்தப்போ இந்த இடம் இல்ல, புக்கித் தீமா வளாகம். மலாயாப் பல்கலைக்கழகம் இருந்த அதே இடம். சாரங்கபாணி ஐயா தமிழுக்காகக் காசு திரட்டினாரே, அந்தப் பல்கலைக்கழகம்," என்றார்.

தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி பெயர் எனக்குத் தெரியும், யாருக்குத்தான் தெரியாது. ஆனால் 1950களில் அவர் "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டியதையும், அந்தப் பணம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்கப் போனதையும் டீச்சர் சொல்லித்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். கொடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள், அன்றாடம் உழைத்துச் சாப்பிட்ட ஜனங்கள். அந்தத் துறை பின்னால் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. நான் அந்த மத்தியானம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரு பக்கம் சீனர்கள் வண்டி மிதித்த காசை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் தமிழர்கள் தங்கள் கூலிக் காசை இன்னொரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறார்கள். தங்கள் பிள்ளை அங்கே படிப்பான் என்ற உறுதி அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதற்குப் பிறகு யுன்னான் தோட்டத்தின் கல் எனக்கு யாரோ ஒருவர் வீட்டுக் கல்லாகப் படவில்லை.

ஆகவே புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற மூன்றாவது விஷயம், உங்கள் வளாகத்துக்கு யார் கொடுத்தார்கள் என்று தேடிப் படியுங்கள். விரிவுரைக் கூடங்களில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகைகளில் தொடங்கலாம். இது என்டியுவுக்கு மட்டும் இல்லை. என்யுஎஸ்-இன் வேர் 1905-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, டான் ஜியாக் கிம் தலைமையில் பொதுமக்கள் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்து உண்டானது, அதில் அவர் மட்டும் 12,000 வெள்ளி. என்யுஎஸ் இருக்கும் கென்ட் ரிட்ஜில் படிக்கிறவர்கள் அங்கே இருக்கிற லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் டைனோசர்களைப் பார்க்காமல் பட்டம் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் நடிகர் ஜாக்கி சான் கொடுத்த பழைய சீன மரக்கட்டடங்கள் நிற்கின்றன. நகர நடுவில் பிராஸ் பசாவில் இருக்கும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்கு (எஸ்எம்யு) தோட்டம் துரவு இல்லாவிட்டாலும் சுற்றியிருக்கும் தெருக்களே வளாகம்தான். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் தமிழ்ப் பட்டப்படிப்புப் படிக்கிற என் சித்தி மகள், கிளெமென்டியில் தன் வகுப்பறை இருக்கும் மாடியைப் பற்றிப் பேசும் பேச்சைக் கேட்டால், வளாகத்தின் பரப்பளவுக்கும் பாசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று புரியும்.

இனி நான் சொல்ல வருவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்.

நான் சேர்ந்தபோது சவுத் ஸ்பைன் பக்கம் ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இன்றைக்கு "ஹைவ்" என்று எல்லாருக்கும் தெரிகிற கட்டடம், டிம் சம் கூடைகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்குமே, அதுதான். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்தது, 2015-ல் திறந்தார்கள். 12 கோபுரங்கள், 56 வகுப்பறைகள், எந்த அறைக்கும் மூலை கிடையாது, ஆசிரியர் நிற்பதற்கென்று முன்பக்கம் கிடையாது. ஆனால் நான் பார்த்த காலத்தில் தடுப்புத் தகரமும் கிரேனும்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தகரத்துக்கு வெளியே மர நிழலில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது தமிழ் காதில் விழுந்தது. நின்று, "அண்ணே, இந்தத் தூணெல்லாம் ஏன் சாஞ்சு நிக்குது?" என்று கேட்டேன். வகுப்பில் அப்போது தூண்களைத்தான் படித்துக்கொண்டிருந்தோம்.

அவர் புதுக்கோட்டைப் பக்கம். கம்பி கட்டுகிறவர். "எங்களுக்கும் முதல்ல புரியல தங்கச்சி. நேரா நிக்குற தூணுக்குக் கட்டிப் பழகின கை. இது ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி" என்று ஆரம்பித்து, சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்த தூணுக்கு எப்படிக் கம்பி வளைப்பது, ஷட்டரிங் பலகை எப்படி நகராமல் முட்டுக் கொடுப்பது, எங்கே கான்கிரீட் இறங்காமல் நின்றுவிடும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். விரிவுரையில் ஒரு சமன்பாடாக இருந்த விஷயம் அவர் கையில் உருவம் எடுத்தது. அதற்கப்புறம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பேசுவோம். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவர்களில் சுமார் 700 சின்னச் சின்னச் சித்திரங்கள் கான்கிரீட்டிலேயே பதிந்திருக்கும், ஓவியர் சாரா ஃபனெல்லி வரைந்தவை. "பலகையைக் கழட்டும்போது என்ன படம் வந்திருக்குன்னு பாக்க எல்லாரும் வேலையை விட்டுட்டு வந்து நிப்போம்" என்று அண்ணன் சொன்னார். இப்போது மாணவர்கள் அந்தச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போகிறார்கள். நான் போகும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

கட்டடம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு ஃபோன் செய்தார். வேறு வேலைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்களாம். "உள்ள வந்து பாக்கலாமா, யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். வாங்கண்ணே என்றேன். துவாஸ் பக்கத்துத் தங்கும் விடுதியிலிருந்து இரண்டு கூட்டாளிகளோடு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் சுற்றிக் காட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. அவர்தான் எங்கள் மூவருக்கும் காட்டினார். இது நான் கட்டினது, இது அந்த வங்காளத்துப் பையன் கட்டினது, இந்த இடத்தில் ஊற்றும்போது ராத்திரி மழை பிடித்துக்கொண்டது என்று ஒவ்வொரு தளமாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். நடுவில் இருக்கும் வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அப்புறம் இமோ செயலியில் ஊருக்கு வீடியோ போட்டு, திரையில் வந்த சின்னப் பெண்ணிடம் "அப்பா கட்டுன காலேஜ் பாரு" என்று ஃபோனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

எனக்குப் பட்டம் கிடைத்த நாளில்கூட அவ்வளவு பெருமை யார் முகத்திலும் நான் பார்க்கவில்லை. கொடுத்தவர்கள் பெயர் சுவரில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஆகவே உங்கள் வளாகத்தில் இப்போது ஏதாவது கட்டிக்கொண்டிருந்தால், எங்கேயாவது எப்போதும் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், நின்று பேசுங்கள். தமிழ் தெரிந்த நமக்கு அது சுலபம். கழிவறையைச் சுத்தம் செய்கிற அம்மா, கேன்டீனில் தட்டு எடுக்கிற அங்கிள், கடைசிப் பேருந்து ஓட்டுகிறவர், இவர்களுடைய பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே நீங்கள் நான்கு வருடம் இருப்பீர்கள், அவர்களில் சிலர் இருபது வருடமாக இருக்கிறார்கள். வளாகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த பல விஷயங்கள், எந்த மரம் எப்போது பூக்கும், எந்தத் தளத்தில் தேர்வு நேரத்திலும் இடம் காலியாக இருக்கும் என்பதெல்லாம், அவர்கள் சொன்னதுதான்.

தமிழ் மன்றத்தில் சேருங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ் நன்றாகப் பேச வராது என்று தயங்குகிறவர்கள்தான் முதலில் சேர வேண்டும். 2015-ல் தீபாவளி நவம்பர் 10-ல் வந்தது, தவணையின் கடைசி வாரம், தேர்வுக்கு முன்னால். வீட்டுக்குப் போய்வர நேரமில்லாத நாலைந்து பேர் சேர்ந்து விடுதிப் பொதுக்கூடத்தில் மின்கல விளக்குகளை வரிசையாக வைத்தோம், நெருப்பு விளக்குக்கு அங்கே அனுமதி இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு மாடி முழுக்கப் போனது. என் அறைத்தோழி அதற்கடுத்த சீனப் புத்தாண்டுக்கு எனக்காகவே தனியாக அன்னாசிப் பணியாரம் கொண்டுவந்தாள். இப்படித்தான் ஒரு கட்டடம் வீடாகிறது.

வீட்டுக்காரர்களைக் கூட்டி வாருங்கள், அதுவும் பட்டமளிப்பு நாளுக்கு முன்னாலேயே. பட்டமளிப்பு அன்று அங்கி, கூட்டம், படம், வெயில் என்று ஒன்றையும் பார்க்க முடியாது. சாதாரண சனிக்கிழமையில் கூட்டிக்கொண்டு வந்து நீங்கள் உட்காரும் இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள். என் பாட்டி ஒரு முறை வந்தார். ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது, இப்படி உடைத்துப் பார்த்துத்தான் பலம் கண்டுபிடிப்போம் என்று வெளியிலிருந்தே காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க தாத்தா இருந்தா இங்கேயே உக்காந்துருப்பாரு" என்றார். விடுதியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வளாகத்தை நேசிக்கிறவர்கள் குறை சொல்லக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பேருந்து போதவில்லை, படிக்க இடம் போதவில்லை, சக்கர நாற்காலியில் வரும் தோழிக்கு ஒரு இடத்தில் சரிவுப் பாதை இல்லை என்றால், எழுதித்தான் ஆக வேண்டும். நண்பர்கள் குழுவில் புலம்பாமல், இடம், நேரம், படம் மூன்றையும் சேர்த்து மாணவர் சங்கத்துக்கும் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். சரிசெய்யும் வரை விடாதீர்கள். நம் வீட்டில் குழாய் ஒழுகினால் அப்படித்தானே செய்வோம்.

சாதாரண இடங்களைப் படம் எடுத்து வையுங்கள். எல்லாரும் எடுக்கும் கட்டடங்களை விடுங்கள், அவற்றின் படம் எங்கும் கிடைக்கும். நீங்கள் சாப்பிட்ட மேசை, விடுதித் தாழ்வாரம், துணி காயப்போட்ட கம்பி. யுன்னான் தோட்டத்தை நான் முடித்த பிறகு பெரிதாகப் புதுப்பித்து 2020-ல் திறந்தார்கள், அருவியும் அகலமான பாதையுமாக இப்போது ரொம்ப அழகு. நாங்கள் ஓடிய பழைய பாதை என் தோழி எடுத்த படத்தில் மட்டும்தான் இருக்கிறது. 2017-ல் வந்த "வேவ்" விளையாட்டரங்கின் மரக்கூரை 72 மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூணே இல்லாமல் நிற்கிறது, 2023-ல் வந்த "காயா" திறந்தபோது ஆசியாவிலேயே மிகப் பெரிய மரக்கட்டடம். நான் படித்தபோது இவை இல்லையே என்று கொஞ்சம் ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. வளாகத்துக்குள்ளேயே ஜூரோங் வட்டாரப் பாதையின் எம்ஆர்டி ரயில் நிலையங்களும் வரப்போகின்றன. அதற்கப்புறம் "புலாவ்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முடித்து வந்தவர்களுக்கும் ஒரு விஷயம். வேலைக்குப் போனதும் முதல் வருடமே பெரிய தொகை கொடுக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. மாதம் பத்து இருபது வெள்ளி கல்வி உதவிநிதிக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிடலாம், தகுதிபெறும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவும் உண்டு. பணம் வேண்டாம் என்றால் நேரம் கொடுங்கள். தவணைக்கு ஒரு முறை, இரண்டாமாண்டுப் பிள்ளைகள் நாலு பேருடன் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பற்றி உள்ளது உள்ளபடி பேசினால் போதும். என்னிடம் அப்படிப் பேசிய ஒரு அக்காவால்தான் நான் இந்தத் துறையிலேயே நின்றேன்.

கடைசியாக, சேருவதற்கு முன்னால் ஒரு நாள் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி. தொடக்கத்தை வளாகத்துக்கு வெளியே வையுங்கள். நன்யாங் பல்கலைக்கழகத்தின் அசல் நுழைவாயில் வளைவு ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 93-ல், வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவில் நிற்கிறது, தோட்டத்துக்குள் இருப்பது அதன் நகல். பழைய வளாகம் அதுவரை நீண்டிருந்தது என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். வளைவு, நினைவுச்சின்னம், நிர்வாகக் கட்டடம் மூன்றையும் 1998-ல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவித்தார்கள். அங்கிருந்து வளாகத்துக்கு நடக்க நினைக்காதீர்கள், நடுவில் பிஐஇ விரைவுச்சாலை. பூன் லே போய் 179 அல்லது 199 பிடியுங்கள். முதலில் யுன்னான் தோட்டம், பிறகு சீன மரபுடைமை நிலையம், அப்புறம் ஹைவ், நடைபாதை வழியே நார்த் ஸ்பைன், வெயில் தாழ்ந்ததும் புல்கூரை. காலை ஒன்பது மணிக்குள் தொடங்கினால் தோட்டத்தில் வெயில் ஏறாது. விடுமுறைக் காலத்தில் பாதிக் கடைகள் மூடியிருக்கும், ஆகவே தண்ணீரும் ஏதாவது பலகாரமும் கையில் இருக்கட்டும். ஹைவின் படிக்கட்டில் மின்தூக்கியை விட்டுவிட்டு நடந்தே ஏறுங்கள், சித்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன.